களிம்புக்கும் காவல் வேண்டும்

குழந்தையின் மூக்கருகே சிறு கொப்புளம் தோன்றி, உடைந்து, தேன் உறைந்தாற்போன்ற பொருக்குக் கட்டுமாயின் அது சிரங்கென்பதைத் தாய்மார் அறிவர். இதனை விளைக்கும் கிருமிகளுள் முதன்மையானது ஸ்ரபிலோகொக்கஸ். நுணுக்குக்காட்டியில் திராட்சைக் குலைபோலத் தோன்றும் இது, நலமுள்ளோர் பலரின் மூக்கினுள்ளும் குடியிருப்பது. தோலிற் கீறல் கண்டால் உட்புகுவது.

பெனிசிலின் வந்தபோது இதன் கதை முடிந்ததென்றே பலர் எண்ணினர். ஆனால் அம்மருந்தைச் சிதைக்கும் வல்லமையைக் கிருமி பெற்றுவிட்டது. அங்ஙனம் சிதையாத மெதிசிலின் 1959இல் ஆக்கப்பெற்றது. அதற்கும் அடங்காத கிருமிகள் இங்கிலாந்தில் உண்டென்ற செய்தி 1961இலேயே வெளிவந்தது. எனவே புதிய மருந்துகளைத் தேடவேண்டியதாயிற்று.

அவ்வாறு கிடைத்தவற்றுள் ஒன்று மியூபிரோசின். மண்ணிலும் நீரிலும் வாழும் சூடோமொனாஸ் என்னும் பற்றீரியா சுரக்கும் இப்பொருள் 1971இல் பிரித்தெடுக்கப்பட்டது. கிருமி தன் புரதத்தைக் கட்டுதற்கு ஐசோலியூசின் என்னும் அமினோவமிலம் வேண்டும். அதனை எடுத்துச் சேர்க்கவொட்டாது மியூபிரோசின் தடுக்கின்றது. கல் வாராவிடின் சுவர் எழுமோ? இரத்தத்தினுட் சென்றால் இம்மருந்து விரைவிற் சிதைந்து பயனற்றுப்போகும். தோலின்மேற் பூசினாலோ நின்று தொழில் செய்யும். ஆதலின் இது களிம்பாயிற்று.

பின்னர் ரெட்டபமுலின் 2007இலும், ஒசெனொக்சசின் 2017இலும் அமெரிக்காவிற் சிரங்குக்கு அனுமதி பெற்றன. இவை ஒவ்வொன்றும் கிருமியை வெவ்வேறிடத்தில் தாக்குவன. ஒரு வாயில் அடைபட்டால் மற்றொரு வாயிலால் நுழையலாமென்பதே விஞ்ஞானிகளின் நோக்கம்.

ஆயினும் மியூபிரோசினுக்கு அடங்காத கிருமிகளும் தோன்றிவிட்டன. நியூசிலாந்தில் பியூசிடிக் அமிலக் களிம்பு மிகுதியாக வழங்கப்பட்டதையடுத்து, அதனை எதிர்க்கும் கிருமிகள் பெருகின. வெளியே பூசுவதுதானே என்று நாம் எண்ணுவது எத்துணைத் தவறு! உட்கொள்ளும் மருந்தைப் போலவே களிம்பும் வீண்செலவாற் பழுதாகும்.

புதிய களிம்பொன்றை ஆக்குதற்குப் பல்லாண்டு உழைப்பு வேண்டும். அதன் வலிமையைக் கெடுத்தற்கு நம் அலட்சியமே போதும். ஆதலால் அண்ணனுக்கு வாங்கிய களிம்பின் மிச்சத்தைத் தம்பிக்குப் பூசாதிருப்போம். வேர்க்குருவுக்கும் பூச்சிக்கடிக்கும் அதனை நாடாதிருப்போம். வைத்தியர் குறித்த நாள்வரை, குறித்த அளவிற் பூசுவோம். புண்ணைச் சவர்க்காரமிட்டு மெல்லக் கழுவுதலும், குழந்தையின் நகங்களை ஒட்ட நறுக்குதலும், துவாயைத் தனியே வைத்தலும் நம் கையிலேயே உள்ளன. இவற்றை எதிர்த்து நிற்கக் கிருமி இன்னும் கற்கவில்லை.