பால்கட்டு என்று நாள் கடத்தாதீர்!

மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி, பெங்களூரில் நாள் முழுதும் உழைத்து, இருட்டிய பிறகு வீடு திரும்பும் நம் தாய்மார்களுக்கு உடம்பைக் கவனிக்க நேரம் ஏது? மார்பு சிவந்து வீங்கினால் பால்கட்டு என்பார்கள், சூட்டுக்கட்டி என்பார்கள். மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போவார்கள். பெரும்பாலும் அது ஆறிவிடும். ஆறாதபோதுதான் ஆபத்து.

அழற்சி மார்பகப் புற்றுநோய் என்று ஒன்று உண்டு. மார்பகப் புற்றுநோய் கண்ட நூறு பேரில் 1 முதல் 5 பேருக்கே இது வருகிறது. மற்றவற்றைப் போல இது பெரும்பாலும் கட்டியாகக் கைக்குத் தட்டுப்படாது. புற்றணுக்கள் தோலின் நிணநீர்க் குழாய்களை அடைத்துக்கொள்வதால் மார்பு சிவக்கும், வீங்கும், சுடும்; தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழிகுழியாகும். எல்லாம் சில வாரங்களில், மாதங்களில் நடந்துவிடும். கண்டுபிடிக்கும்போதே நோய் மூன்றாம் கட்டத்துக்குக் குறைந்திராது. ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வேறு உறுப்புகளுக்கும் பரவியிருக்கும்.

அப்படியானால் பிழைப்பவர் உண்டா? உண்டு. அறுவையை மட்டும் நம்பிய காலத்தில் ஐந்தாண்டு உயிரோடிருந்தவர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. இன்று முதலில் மருந்து, அடுத்து அறுவை, பிறகு கதிர்வீச்சு என்று வரிசையாகச் சிகிச்சை தருகிறார்கள். அமெரிக்கக் கணக்குப்படி நூற்றுக்குச் சுமார் 40 பேர் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். தூர உறுப்புகளுக்குப் பரவுமுன் பிடிபட்டவர்களில் பாதிப்பேர் கடக்கிறார்கள். பரவிய பின் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. அந்த நாட்டிலேயே கறுப்பினப் பெண்கள் வெள்ளையரைவிடக் குறைந்த காலமே பிழைக்கிறார்கள். வறுமையும், வைத்தியம் எட்டாத நிலையும் அதில் பெரும் பங்கு வகிக்கின்றன. இது நமக்குத் தெரியாத கதையா?

நூறாண்டுக்கு மேல் தங்கம் வெட்டிக் கொடுத்தவர்கள் நாம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். கம்பெனி ஆஸ்பத்திரியும் கைவிட்டுப் போயிற்று. 2021-ல் கொரோனா வந்தபோது அதே கட்டடத்தைத் துப்புரவு செய்து படுக்கை போட முடிந்ததே! அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது? புற்றுநோய் என்றால் பெங்களூர் கித்வாய் மருத்துவமனைக்குச் சுமார் 100 கிலோமீட்டர் போகவேண்டும். போகும் நாளெல்லாம் கூலி இல்லை.

ஆகவே நாம் கேட்கிறோம்: ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் பெண் டாக்டர் மார்பகப் பரிசோதனை செய்யவேண்டும். சதைப் பரிசோதனைக்கு இங்கேயே மாதிரி எடுத்து அனுப்பவேண்டும். நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணச் செலவு தரவேண்டும்.

கிடைக்கும் உரிமையையும் விட்டுவிடக் கூடாது. வறுமைக்கோட்டு ரேஷன் கார்டு உள்ள குடும்பத்துக்கு ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்ய கர்நாடகா திட்டம் உண்டு. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள கார்மெண்ட்ஸ் தொழிலாளிக்கு, இரண்டாண்டுத் தொடர் வேலை முதலிய நிபந்தனைகள் இருந்தால், புற்றுநோய்க்காக நீண்ட காலச் சம்பள உதவி உண்டு. கார்டைப் பத்திரமாக வையுங்கள். விவரம் புரியாவிட்டால் சங்கத்துக்கு வாருங்கள்.

தாய்மார்களே! மாத்திரை சாப்பிட்டு ஒரு வாரம், பத்து நாளில் சிவப்பும் வீக்கமும் தணியாவிட்டால், இன்னொரு சீட்டு மாத்திரையோடு திரும்பாதீர்கள். "சதை எடுத்துப் பாருங்கள்" என்று கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண்களே! அன்று ஒரு நாள் கூலி போனால் போகட்டும், கூடப் போங்கள். சுரங்கத்தில் எத்தனையோ உயிரை இழந்தோம். தாமதத்தால் இனி ஓர் உயிரும் போகக் கூடாது.