செங்கல்லுக்குள் ஓர் உப்பளம்

புதிதாய்க் கட்டிய வீட்டின் சுவரில், நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில், வெண்பொடி பூத்துச் சாந்து உதிர்வதைக் கற்பிட்டியிலும் உடப்பிலும் காணாதார் அரியர். ‘உவர் பிடித்துவிட்டது’ என்று கூறி, மேலே சீமெந்து பூசி மறைத்துவிடுகிறோம். சிறிது காலத்தில் அது மீண்டும் தலைகாட்டுகின்றது. இதன் காரணம் யாது?

செங்கல் பார்வைக்குத் திண்ணியதாயினும் உண்மையில் அது நுண்டுளைகள் நிறைந்த பொருளே. குளிர்நாட்டார் இத்துளைகளைப் பற்றி நெடுங்காலமாய்க் கவலை கொண்டுள்ளனர். நீர் உறையும்போது அதன் கனவளவு நூற்றுக்கு 9 பங்கு பெருகும். துளை முழுவதும் நீர் நிறைந்திருந்தால் பெருகும் பனிக்கட்டிக்கு இடமில்லை, கல் வெடிக்கும். ஆதலால் அமெரிக்கர் செங்கல்லை 24 மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்தும், பின் 5 மணி நேரம் கொதிநீரில் இட்டும் நிறுத்துப் பார்க்கின்றனர். கடுங்குளிருக்கு உகந்த கல்லில் முதலிற் புகுந்த நீர், இரண்டாவது அளவின் 0.78 பங்கை மிஞ்சலாகாது. எஞ்சிய இடமே பனிக்கட்டிக்குப் புகலிடம். அன்றியும், பெருந்துளைகளில் நீர் விரைவில் வடிந்துவிடும்; மிக நுண்ணிய துளைகளோ அதை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆகவே துளை எவ்வளவு என்பதோடு, எத்தகைய துளை என்பதையும் கேட்டல் வேண்டும்.

நுவரெலியாவில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. நம் கரையில் அஃதில்லை. ஆனால் பனிக்கட்டியின் வேலையை இங்கே உப்பு செய்கின்றது. உவர்நிலத்து நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நுண்டுளைகளின் வழியே சுவரில் ஏறுகின்றது. வெயிலிலும் காற்றிலும் நீர் ஆவியாக, உப்பு உள்ளே பளிங்காகின்றது. புத்தளத்து உப்பளத்துப் பாத்தியில் நிகழ்வதும் இதுவே. பாத்தியில் உப்பு விளைவதற்குத் திறந்த வெளியுண்டு. துளைக்குள்ளோ அது சுவரை நெருக்கியே வளர்தல் வேண்டும். மேலும், காற்றின் சாரீரப்பதன் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் கறியுப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரையும்; குறைந்தால் மீண்டும் பளிங்காகும். ஈர இரவும் உலர்ந்த நண்பகலும் மாறி மாறி வர, கல் சிறிது சிறிதாய்ப் பொடிகின்றது.

மொகெஞ்சதாரோவின் சுட்ட செங்கற்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தவை. 1922இல் அகழ்வு தொடங்கி அவை வெளிப்பட்டபின், நிலத்தடி நீரும் உப்பும் அவற்றை அரிக்கலாயின. அவற்றுக்கே இந்நிலையெனில் அரைவேக்காட்டுக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. நன்கு வெந்த கல்லில் களிமண் உருகி இணைதலால் நுண்ணிய துளைகள் குறையும், வலிமையும் மிகும். இரண்டு கற்களை மோதினால் மணியோசை எழுவது அதன் அடையாளம்.

சீமெந்துப் பூச்சு ஏன் பயன்படவில்லை என்பதும் இப்போது விளங்கும். அது ஈரம் வெளியேறும் வழியை அடைக்கின்றது. நீர் இன்னும் மேலே ஏறுகின்றது. உப்பு பூச்சின் பின்னாலிருந்து அதைத் தள்ளுகின்றது. நோயின் வேர் அத்திவாரத்தில் இருக்க, மருந்தை முகத்தில் தடவி என்ன பயன்? அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரந்தடுக்கும் படை ஒன்று இடுவதே முதற்காப்பு. கழுவாத கடல்மணலையும் உவர்க் கிணற்று நீரையும் சாந்திற் கலத்தலாகாது. பழைய சுவருக்கு, ஈரத்தை வெளியே விடும் சுண்ணச்சாந்தே தகும்.

வீடு கட்ட எண்ணுவோர் கல் வாங்குமுன் எளிய சோதனையொன்று செய்யலாம். தட்டொன்றில் ஓரங்குல ஆழம் மழைநீர் விட்டு, அதிற் செங்கல்லை நிறுத்துங்கள். நீர் முழுதும் உறிஞ்சப்பட்டு உலர்ந்தபின், மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்யுங்கள். கல்லில் வெண்மை படர்ந்தால், உப்பு சூளையிலிருந்தே உடன் வந்துள்ளதென அறிக. வாழ்நாட் சேமிப்பையெல்லாம் இட்டுக் கட்டும் மனைக்குச் சில நாட் பொறுமை பெரிய விலையன்று.