புது லேப்டாப்பில் வாட்ஸ்அப் ஓப்பன் ஆகலையா? லேப்டாப்பைத் திட்டும் முன் போனைப் பாருங்கள்!

புது லேப்டாப் கைக்கு வந்ததும் பலர் முதலில் இன்ஸ்டால் செய்வது வாட்ஸ்அப்பைத்தான். ஆபீஸ் குரூப், கிளையன்ட் அனுப்பிய ஃபைல், ஹெச்.ஆர். அனுப்பிய சம்பள ஸ்லிப் என எல்லாமே அதில்தான் கிடக்கின்றன. ஆனால், அங்கேயே சிக்கலும் ஆரம்பிக்கிறது. க்யூஆர் கோடு வராது. வந்தால் ஸ்கேன் ஆகாது. ஸ்கேன் ஆனாலும் மெசேஜ் வராமல் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதனாலேயே லேப்டாப் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் செய்வது ஒன்றுதான்: அன்இன்ஸ்டால், மறுபடி இன்ஸ்டால், திரும்பவும் அன்இன்ஸ்டால். பிரச்சினை பெரும்பாலும் லேப்டாப்பில் இருப்பதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

போன்தான் சாவி

2015-ல் வாட்ஸ்அப் வெப் வந்தபோது அது போனின் கண்ணாடி மாதிரிதான். போன் ஆஃப் ஆனால் கணினியிலும் எல்லாம் நின்றுவிடும். 2021-ல் சோதனைக்கு வந்த 'மல்டி டிவைஸ்' வசதி இதை மாற்றியது. இப்போது ஒவ்வொரு கணினியும் தனிச் சாதனம். ஒவ்வொன்றுக்கும் தனி மறையாக்கச் சாவி. போன் ஆஃப்லைனில் இருந்தாலும் கணினியில் சாட் செய்யலாம்.

ஆனால், அந்தக் கணினியை உள்ளே விடும் அதிகாரம் இன்னமும் போனிடம்தான். ஜிமெயில் போல பாஸ்வேர்டு போட்டதும் பழைய மெயில் எல்லாம் வந்து கொட்டுகிற கதை இங்கே இல்லை. புதிய கணினி காலியாகத்தான் தொடங்கும். சமீபத்திய உரையாடல்களின் பிரதியைப் போன்தான் மறையாக்கம் செய்து அனுப்பி வைக்கும். அந்த நேரத்தில் போனை லாக் செய்து பாக்கெட்டில் போட்டுவிட்டால், வட்டம் சுற்றாமல் என்ன செய்யும்?

முதலில் இந்த மூன்றும்

ஒன்று, க்யூஆர் கோடை எதில் ஸ்கேன் பண்றீங்க? போன் கேமராவில் மட்டும் ஸ்கேன் செய்தால் இணைப்பு முடிந்துவிடாது, ஜிபேயும் இதற்கு உதவாது. வாட்ஸ்அப்புக்கு உள்ளேயே 'லிங்க்டு டிவைசஸ்' பகுதிக்குப் போய்த்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்.

இரண்டு, அதே பகுதியில் எத்தனை சாதனங்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒரு போனோடு 4 சாதனங்களைத்தான் இணைக்க முடியும். பழைய லேப்டாப், ஆபீஸ் கணினி, டேப்லெட் என்று இடம் நிரம்பியிருந்தால் புதுசுக்கு இடம் இருக்காது.

மூன்று, மெசேஜ்கள் வந்து முடியும் வரை போனில் வாட்ஸ்அப் திறந்தே இருக்கட்டும். இணையமும் ஓடட்டும். பேட்டரி சேவர் ஆனில் இருந்தால் கொஞ்ச நேரம் ஆஃப் செய்யுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென வெளியே தள்ளிவிட்டதா? போனில் 14 நாட்களுக்கு மேல் வாட்ஸ்அப்பைத் திறக்காவிட்டால் இணைந்த சாதனங்கள் தானாகவே வெளியேறிவிடும்.

கோளாறு எங்கே?

போன் சரியாக இருந்தும் வேலை செய்யவில்லையா? அதே லேப்டாப்பின் பிரவுசரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து பாருங்கள். அதில் வேலை செய்தால் கணக்கிலும் போனிலும் பிரச்சினை இல்லை, ஆப்பில்தான் கோளாறு.

வெப்பும் திறக்கவில்லை என்றால், வைஃபையை விட்டுவிட்டுப் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதில் ஓடினால் சிக்கல் நெட்வொர்க்கில். ஆபீஸ் ஃபயர்வாலோ விபிஎன்னோ தடுத்துக்கொண்டிருக்கலாம். ஆபீஸ் நெட்வொர்க் என்றால் ஐ.டி. டீமிடம் கேட்பதே சரி. குறுக்கு வழி வேண்டாம்.

ஹாட்ஸ்பாட்டிலும் வரவில்லையா? லேப்டாப்பின் தேதி, நேரத்தைப் பாருங்கள். கடிகாரம் தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்களைக் கணினி செல்லாதவை என்று நினைத்துவிடும், இணைப்பே நடக்காது. செட்டிங்ஸில் 'தானாக நேரம் அமை' என்பதை ஆன் செய்தால் போதும்.

ஆப்பில்தான் கோளாறு என்று தெரிந்தால், விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று போய் வாட்ஸ்அப்பின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியைத் திறக்கவும். முதலில் 'ரிப்பேர்'. அது சாட்டைத் தொடாது. சரியாகாவிட்டால் மட்டும் 'ரீசெட்'. அது எல்லாவற்றையும் துடைத்துவிடும் என்பதால், மறுபடி க்யூஆர் ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும். கால் பேசும்போது மட்டும் குரல் போகவில்லை என்றால், பிரைவசி செட்டிங்ஸில் மைக் அனுமதியைப் பார்த்தால் போதும்.

அவசரம்தான் ஆபத்து

இந்த வரிசை தெரியாதவர்கள் அடுத்துச் செய்வது, கூகுளில் தேடி முதலில் வரும் தளத்திலிருந்து ஏதோ ஒரு இன்ஸ்டாலரை இறக்குவது. போலி ஆப்கள் காத்திருக்கும் இடமும் அதுதான். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், மேக் ஆப் ஸ்டோர், வாட்ஸ்அப்பின் சொந்தத் தளம் ஆகியவற்றைத் தவிர வேறெங்கும் போகத் தேவையே இல்லை. சில புது லேப்டாப்கள் விண்டோஸ் 'எஸ் மோட்' என்ற நிலையில் வரும். அவற்றில் ஸ்டோருக்கு வெளியே இருந்து எதையும் நிறுவ முடியாது. அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. க்யூஆர் இல்லாமல், போன் நம்பரைக் கொடுத்து 8 எழுத்து கோடு மூலமும் கணினியை இணைக்கலாம். வசதியான வழிதான், ஆனால் திருடனுக்கும் அதே வசதி. 'உங்க போட்டோ இதுல இருக்கு' என்று ஒரு லிங்க் வரும். அந்தப் பக்கம் போன் நம்பர் கேட்கும். பிறகு ஒரு கோடைக் காட்டி வாட்ஸ்அப்பில் போடச் சொல்லும். போட்டால், இணைவது திருடனின் கணினி. 'கோஸ்ட் பேரிங்' எனப்படும் இந்த மோசடி பற்றி மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2025 டிசம்பரில் எச்சரித்தது. பயமே இதில்தான்: உங்கள் போன் வழக்கம்போல வேலை செய்துகொண்டே இருக்கும். அவர் எல்லாவற்றையும் படித்துக்கொண்டே இருப்பார்.

பழைய லேப்டாப் என்ன ஆச்சு?

புதுசு சரியானதும் எல்லோரும் மறப்பது பழையதை. வேலை மாறும்போது திருப்பிக் கொடுத்த ஆபீஸ் லேப்டாப், எக்ஸ்சேஞ்சில் போட்டது, தம்பிக்குக் கொடுத்தது என எதிலெல்லாம் உங்கள் சாட் திறந்து கிடக்கிறது? கைமாறும் முன்பே ஆப்பில் லாக் அவுட் செய்யுங்கள். தவறவிட்டால் போனின் 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலில் இருந்து நீக்குங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: டவுன்லோடு ஃபோல்டரில் சேமித்த ஆதார் நகலும் மெடிக்கல் ரிப்போர்ட்டும் லாக் அவுட் செய்தால் அழியாது. கையால்தான் அழிக்க வேண்டும்.

6 மணி நேரம் தீர்வா?

மெசேஜிங் ஆப்களின் வெப் பதிப்புகள் அதிகபட்சம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை லாக் அவுட் ஆக வேண்டும், க்யூஆர் மூலம் மீண்டும் இணைய வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28-ல் உத்தரவிட்டது. சைபர் மோசடியைத் தடுப்பதே நோக்கம். நோக்கம் சரிதான். ஆனால், தினமும் இரண்டு மூன்று முறை ஸ்கேன் செய்து பழகியவர், நான்காவது முறை யார் காட்டும் கோடு என்று யோசிப்பாரா? இணைப்பது எவ்வளவு சாதாரணமான வேலையாக மாறுகிறதோ, அவ்வளவுக்குக் கவனமும் குறையும்.

இதைவிட நிறுவனங்கள் செய்ய வேண்டியது எளிமையானது. 'ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயலவும்' என்று மொட்டையாகச் சொல்லாமல், தப்பு போனிலா, நெட்வொர்க்கிலா, கணினியிலா என்று பயனாளரின் மொழியில் சொல்ல வேண்டும். எந்தச் சாதனம் இணைந்திருக்கிறது என்பதை மெனுவுக்குள் ஒளித்து வைக்காமல் அடிக்கடி நினைவூட்ட வேண்டும். காரணம் புரிந்தவர் கண்ட இன்ஸ்டாலரைத் தேடி ஓட மாட்டார்.

அதுவரை மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரு நிமிஷ வேலைதான். அதில் உங்களுக்கு அடையாளம் தெரியாத ஒரு பெயர் இருந்தால், கேள்வி கேட்காமல் முதலில் நீக்குங்கள்.