குறை காணும் முதலாளியிடம் நின்று பிடிப்பது எப்படி?

எமது கடைத்தெருக்களில் இரண்டு வகை முதலாளிமார் இருக்கின்றனர். "ஏதோ முடிந்தால் சரி" என்று விட்டு விடுபவர் ஒரு வகை. பில்லில் ஒரு ரூபா பிசகினாலும், தட்டில் ஒரு பெட்டி சரிந்திருந்தாலும் முகம் மாறுபவர் மற்ற வகை. முதலாமவரிடம் வேலை செய்வது இலேசு. ஆனால் தொழில் படிக்க முடியாது. இரண்டாமவரிடம் தொழில் படிக்கலாம். நின்று பிடிப்பதுதான் கஷ்டம். கெட்டிக்காரப் பையன்கள் ஆறு மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் விலகிப் போவதை நான் அதிகம் பார்த்திருப்பது இந்த இரண்டாம் வகைக் கடைகளில்தான். இதனால் நஷ்டம் இரு தரப்புக்கும்தான்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த முதலாளி கத்துவதில் நியாயமும் இருக்கிறது. புடைவைக் கடையில் துணி வெட்டும் பையன் யாருக்கு ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டினால், 36 யார் விற்கும் போது ஒரு யார் சும்மா போய்விடும். செக்கில் இலக்கத்தில் ஒரு தொகையும் எழுத்தில் வேறு தொகையும் இருந்தால் வங்கி அதைத் திருப்பி அனுப்பும். அத்தோடு கடையின் பெயரும் போகும். 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். வரி இன்வொய்ஸில் வரி இலக்கம் பிழைத்தால், வாங்கியவர் தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாமல் எம்மிடம்தான் சண்டைக்கு வருவார். சிறிய லாபத்தில் ஓடும் வியாபாரத்தில் சின்னப் பிழை சின்னதாக நிற்பதில்லை. முதலாளியின் கோபத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு பழைய நஷ்டம் இருக்கும். அது எது என்று அறிந்து வைத்திருப்பவன் பாதிப் பிரச்சினையைத் தாண்டி விடுவான்.

அடுத்தது, வேலையை முழுவதும் முடித்துவிட்டுக் காட்டுவதை விட, தொடக்கத்திலேயே ஒரு மாதிரியைக் காட்டுவது நல்லது. பத்துத் தட்டை ஒழுங்குபடுத்தச் சொன்னால், ஒரு தட்டை அடுக்கி, "இப்படியா நானா?" என்று கேளுங்கள். அவர் குறை சொன்னால் ஒரு தட்டுத்தான் கலையும். பத்தையும் அடுக்கிய பின் குறை சொன்னால் பகல் முழுவதும் வீண். மனமும் உடைந்து போகும். சொன்ன வேலையைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவதும் அப்படித்தான். எத்தனை, என்ன விலை, எப்போது என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டால், "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்ற பேச்சுக்கு இடமில்லை.

மூன்றாவது, பிழை நடந்தால் அன்றே சொல்வது. குறை காணும் முதலாளியிடம் பிழையை மறைக்கத்தான் மனம் சொல்லும். ஆனால் அவர் எப்படியும் கண்டுபிடிப்பார். கண்டுபிடிக்கும் நாளில் பிழையோடு பொய்யும் சேர்ந்திருக்கும். "இருபது பெட்டிக்குப் பதில் பன்னிரண்டுதான் வந்திருக்கிறது, கம்பனியோடு பேசிவிட்டேன், மிச்சம் நாளை வரும்" என்று செய்தியையும் பரிகாரத்தையும் ஒன்றாகக் கொண்டு போனால் அவர் கத்துவது குறையும், நம்புவது கூடும்.

நான்காவது, மறுத்துப் பேசத் தெரிய வேண்டும். அப்பிள் நிறுவனத்தை ஆரம்பித்தவர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஜொப்ஸ், 2011இல் இறக்கும் வரை, குறை காண்பதில் பேர் போனவர். அவருடைய மெக்கின்டோஷ் கணினிக் குழுவினர் 1981 முதல் வருடாந்தம் தமக்குள் ஒரு விருது கொடுத்து வந்தனர். அவரை எதிர்த்து நன்றாக வாதாடியவருக்கே அந்த விருது. ஜொப்ஸுக்கும் அது தெரியும்; அதை அவர் விரும்பவும் செய்தார். விருது பெற்ற ஜோஆனா ஹொஃப்மன் என்ற பெண்மணி, தான் போட்டுக் கொடுத்த சந்தைக் கணிப்புகளை ஜொப்ஸ் மாற்றிவிட்டார் என்று அறிந்ததும் நேரே போய் அவரோடு மோதினார். நாம் கவனிக்க வேண்டியது, வாதம் கணக்கைப் பற்றியது என்பதையே. எமது கடையிலும் பில்லையும் ஸ்டொக் புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் இல்லாத நேரம் பார்த்து, மரியாதையாகப் பேசினால், கண்டிப்பான முதலாளியும் காது கொடுப்பார்.

இனி முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. எல்லாவற்றிலும் ஒரே அளவு சுத்தம் கேட்பது தொழிலுக்குக் கட்டாது. எமது நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளைப் பாருங்கள். வெளிநாட்டு வாங்குநரை விடக் கண்டிப்பானவர் யார்? அவர்களும் குறைகளை மூன்றாகப் பிரித்தே பார்க்கின்றனர். வழமையான முறைப்படி, 3,000 சேர்ட் கொண்ட ஒரு தொகுதியில் 125ஐ எடுத்துப் பரிசோதிப்பார்கள். முறிந்த ஊசித் துண்டு போன்ற ஆபத்தான குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது. பெரிய குறை 7 வரை ஏற்பார்கள். 8 ஆனால் முழுத் தொகுதியும் நிராகரிக்கப்படும். நூல் நீட்டிக்கொண்டிருப்பது போன்ற சிறு குறை 10 வரை இருக்கலாம். இதே போல் நீங்களும் பிரித்துச் சொல்லுங்கள். காசு, அளவு, செக், வரி ஆகியவற்றில் பிழையே கூடாது. சாமான் அடுக்குவதில் கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாம். பெட்டி சரிந்ததற்கும் காசு குறைந்ததற்கும் ஒரே சத்தம் போட்டால், பையனுக்கு எது பெரிது என்று விளங்காது. பயத்தில் இரண்டையும் மறைப்பான். பிறகு உங்கள் கடையில் நடப்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.

இதில் எனக்குப் பெரிய கவலை சம்பளத்துக்கு நிற்கும் பையனைப் பற்றியதல்ல. அவன் வேறு கடைக்குப் போவான்; கட்டாருக்கோ துபாய்க்கோ போவான். வாப்பாவின் கடையில் நிற்கும் மகன் எங்கே போவான்? முப்பது வருடம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு வளர்த்த வியாபாரம் என்பதால், மகன் செய்யும் எதுவும் வாப்பாவுக்குச் சரிவருவதில்லை. வாடிக்கையாளர் முன்னிலையிலேயே ஏச்சு விழும். மகன் வாய் திறக்காமல் நிற்பான். கல்லாவில் இருந்தாலும் அவன் மனம் கடையில் இருக்காது. கடைசியில் வாப்பா களைத்துப் போய்ச் சாவியை நீட்டும் போது, வாங்குவதற்குக் கை இருக்காது. பக்கத்துக் கடைக்காரர் விலை பேச வருவார்.

ஆகவே மகன்மாரே, வாப்பாவின் கண்டிப்பில் உள்ள கணக்கைப் படித்துக்கொள்ளுங்கள். அது எந்த வகுப்பிலும் கிடைக்காது. வாப்பாமாரே, அடுத்த பெருநாள் வியாபாரத்துக்கு முன் ஒரு சிறு பகுதியை, ஒரு தட்டையோ ஒரு கொள்வனவையோ, முழுமையாக அவன் பொறுப்பில் விடுங்கள். கணக்கை மாத முடிவில் மட்டும் கேளுங்கள். அவன் செய்வது நீங்கள் செய்வது போல் இருக்காது. கணக்குச் சரியாக இருந்தால் அதுவே போதும்.