பூனைக்கு ஒன்றும் ஆகாதா?

"பூனையைப் பற்றிக் கவலையே வேண்டாம். முடியலைன்னா கத்தும், இல்லேன்னா புல்லைத் தின்னு தானே சரிபண்ணிக்கும்." பூனை வளர்க்கும் வீட்டில் இப்படிச் சொல்ல ஒருவராவது இருப்பார்.

கத்தாது. அடிபட்ட நாய் தெருவையே கூட்டும். பூனையோ கட்டிலுக்கு அடியில் போய் முடங்கிக்கொள்ளும். அதன் வலியை முகத்தில்தான் தேட வேண்டும். மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட அளவுகோல் அதைத்தான் செய்கிறது: காதுகள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கின்றனவா, கண் இடுங்கியிருக்கிறதா, மூஞ்சி இறுகியிருக்கிறதா, மீசை விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்று பார்க்கிறது.

'குர்குர்' சத்தத்தை நம்பவும் வழியில்லை. மடியில் சுகமாகக் கிடக்கும்போது மட்டுமல்ல, குட்டி போடும்போதும் சாகக் கிடக்கும்போதும்கூடப் பூனை அப்படிச் சத்தமிடும். புல்லை நல்ல ஆரோக்கியமான பூனையும்தான் மேய்கிறது. அதை வைத்தியம் என்பது நம் கற்பனை.

எல்லாவற்றையும்விட ஆபத்து, மலச்சிக்கல் என்று நினைத்துக்கொள்வது. கடுவன் பூனை மணல் தட்டில் ஏறி முக்குகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது, அடிப்பக்கத்தை விடாமல் நக்குகிறது. வீட்டார் விளக்கெண்ணெய் தேடுகிறார்கள். முதலில் மணலைக் கிளறிப் பாருங்கள். ஈரமே இல்லை, அல்லது சொட்டுதான் இருக்கிறது என்றால் சிறுநீர் அடைத்துக்கொண்டது என்றே கொள்ளுங்கள். கடுவனின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகக் குறுகியது. படிகத் துகளும் சளியும் சேர்ந்தாலே போதும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். ஓரிரு நாள்தான் கெடு. விடியட்டும் என்று இருக்காமல், நடுராத்திரியானாலும் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

முடியுருண்டையை ஒருமுறை கக்கிவிட்டு உடனே கிண்ணத்தைத் தேடும் பூனைக்காகப் பதற வேண்டாம், அது உண்மை. ஆனால் 'பட்டினி போட்டால் சரியாகும்' என்பது பூனைக்கு ஒத்துவராது. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்க் குவியும், காமாலை வரும். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லையென்றாலே மருத்துவரிடம் காட்டுங்கள்.

காய்ச்சல் என்று பாராசிட்டமாலில் கால் மாத்திரை கொடுக்கிறவர்களும் உண்டு. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். தெரியாமல் கொடுத்துவிட்டீர்களா? எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று கால்நடை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாற்று மருந்து இருக்கிறது. சீக்கிரம் போனால் கேட்கும்.