ஆவணம் வேறு, அரிசி வேறு

2021 ஜூன் மாதத்தில் பிரான்ஸ், ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு எச்சரிக்கை அமைப்பில் ஒரு புகாரைப் பதிவு செய்தது. இந்தியக் குருணையில் அரைத்த மாவில், அனுமதி பெறாத மரபணு மாற்ற நெல்லின் கூறுகள் தென்பட்டன என்பது அப்புகார். இந்தியாவில் அத்தகைய நெல் வணிகமுறையில் பயிரிடப்படுவதே இல்லை என்று நம் அரசு மறுத்தது. ஆயினும் அந்த மாவு சேர்ந்த மிட்டாய்கள் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டன. அனுமதியற்ற வகை உணவில் சிறிதளவு கலந்திருப்பதையும் ஐரோப்பியச் சட்டம் ஏற்பதில்லை.

எல்.சி. எனப்படும் கடனுறுதிக் கடிதம் கையிலிருந்தால் கவலையில்லை என்று ஏற்றுமதியாளர் பலர் எண்ணுகின்றனர். யு.சி.பி. 600 விதிகளின் 5ஆம் பிரிவின்படி வங்கிகளாகிய நாங்கள் கையாள்வது ஆவணங்களையே, சரக்கையன்று. ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் வரும். பின்னர் துறைமுகச் சோதனையில் சரக்கு நிராகரிக்கப்பட்டால், வாங்கியவர் விற்பனை ஒப்பந்தத்தைக் காட்டி இழப்பீடு கோருவார். அவ்வழக்கில் எல்.சி. உங்களைக் காக்காது.

அமெரிக்க நீள்மணி அரிசியில் 2006இல் இத்தகைய கலப்பு வெளிப்பட்டது. விதை ஆய்வு நடத்திய பேயர் நிறுவனம் 2011இல் உழவர்களுக்கு 75 கோடி டாலர் வரை வழங்க இசைந்தது. நம் சிறு ஏற்றுமதியாளருக்குப் பின்னால் அப்படிப் பொறுப்பேற்க எவருமில்லை.

எனவே, 'மரபணு மாற்றம் அறவே இல்லை' என்னும் ஒற்றை வரியில் கையொப்பமிடுவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. எந்த ஆய்வகம், எந்தச் சோதனை முறை, மாதிரி எடுப்பது ஏற்றும் துறைமுகத்திலா இறக்கும் துறைமுகத்திலா என்பனவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒப்பந்தம் அயல்நாட்டுச் சட்டத்தை மாற்றாது. இழப்பு யாருடையது என்பதையாவது தீர்மானிக்கும். சோதனைக் கட்டணம் கசக்கத்தான் செய்யும். முத்திரையிட்ட மாதிரி ஒன்றையும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.