சாவிக்கொத்து மாட்டிய அறையே திறந்து கிடந்தால்?

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு ஆலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எல்லா வேலையும் ஒரே கூரைக்குக் கீழே நடக்காது. மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்தும் அறை, இருப்பு குடோன் எல்லாம் தனித்தனி. நடுவில் இடைவெளி. ஓர் இடத்தில் பற்றிய தீ அடுத்த இடத்துக்குத் தாவக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

கணினிப் பாதுகாப்பில் இந்தக் கணக்கைப் பல நிறுவனங்கள் மறந்துவிட்டன.

என்ன நடந்தது?

பல கிளைகள் உள்ள நிறுவனம், கிளைக்கு ஒரு ஃபயர்வால் வைக்கும். அத்தனையையும் ஒரே திரையிலிருந்து நிர்வகிக்க ஒரு மென்பொருள் வேண்டும். ஃபோர்ட்டிநெட் நிறுவனத்தின் ஃபோர்ட்டிமேனேஜர் அப்படிப்பட்டது. 2024 அக்டோபர் 23 அன்று அதில் ஓர் ஓட்டை இருப்பதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஆபத்து அளவு 10-க்கு 9.8. வெளியிலிருந்து வருபவர் யார் என்று சரிபார்க்க வேண்டிய இடத்தில், அந்தச் சரிபார்ப்பே இல்லை.

கூகுளின் மாண்டியன்ட் ஆய்வாளர்கள் சொன்னது இன்னும் கவலைக்குரியது. ஜூன் 27-லிருந்தே தாக்குதல் நடந்திருக்கிறது. 50-க்கும் மேற்பட்ட ஃபோர்ட்டிமேனேஜர்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஃபயர்வால்களின் அமைப்பு விவரங்களும், மறைவடிவில் இருந்த கடவுச்சொற்களும் திருடு போயின. கிட்டத்தட்ட நாலு மாசம் கதவு திறந்தே கிடந்திருக்கிறது.

நமக்கென்ன?

'அதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம்' என்று ஓர் அச்சக முதலாளி நினைக்கலாம். ஆனால் சின்ன நிறுவனங்களின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் ஐடி சர்வீஸ்காரர்தான் இப்படிப்பட்ட மென்பொருளை வைத்திருப்பார். அவரிடம் புகுந்தால் அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் புகுந்த மாதிரி.

2021 ஜூலையில் கசேயா என்ற தொலைநிர்வாக மென்பொருள் வழியாக இதுதான் நடந்தது. ஸ்வீடனில் கூப் சூப்பர்மார்க்கெட் சுமார் 800 கடைகளை மூட வேண்டியதாயிற்று. பில்லிங் கருவிகளைப் பராமரித்த நிறுவனம் வழியாக வந்த வினை அது.

ஃபோர்ட்டிமேனேஜர் அறிவிப்பு வந்தபோது தீபாவளிக்கு எட்டே நாள். அந்த வாரத்தில் ஆர்டரும் பில்லும் முடங்கினால் சிவகாசி வட்டாரத்தில் ஒரு வருஷ உழைப்பே கேள்விக்குறி.

என்ன கேட்க வேண்டும்?

உங்கள் சர்வீஸ்காரரிடம் மூன்று கேள்வி போதும். நிர்வாகத் திரை பொது இணையத்தில் தெரிகிறதா, அல்லது அனுமதித்த இடங்களிலிருந்து மட்டும்தான் திறக்குமா? அப்டேட் போட்டாச்சா? போட்டதோடு நிறுத்தாமல், திருடு போயிருக்கலாம் என்ற கணக்கில் கடவுச்சொற்களை மாற்றினீர்களா?

தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் இந்தியாவில் விதி. சொன்னால் மானம் போகும் என்று மூடி மறைப்பதால், அடுத்தவர் எச்சரிக்கையாகும் வாய்ப்புதான் போகிறது.

வசதிக்காக எல்லாச் சாவியையும் ஓர் அறையில் மாட்டலாம், தப்பில்லை. ஆனால் அந்த அறையைத் தெருவைப் பார்த்துத் திறந்து வைக்கக் கூடாது. மருந்து அறையைச் சாலையோரம் கட்ட விஸ்வநத்தத்தில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.